சனிக்கிழமை மதில்

ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில் ஓடும் அந்தப் பழைய மதிலை ரோமானியர்கள் கட்ட எடுத்துக்கொண்ட காலத்தைவிட, அதையொட்டித் தான் நடந்த கதையை நார்மன் அளந்த காலம் அதிகம். ஓய்வுபெற்ற நாள் முதல், சனிக்கிழமை விடிந்தால் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இருட்டிய பிறகுதான் திரும்புவார்.

இந்தச் சனிக்கிழமை மனைவி எட்னா, "நானும் வரேன்" என்று காரில் ஏறிக்கொண்டாள். மறுக்க வழியில்லாமல் நார்மன் காரை மதில் பக்கம் விட்டார். அதுவரை மதில் இருக்கும் திசையில் அவர் தலைவைத்துப் படுத்ததே இல்லை. சனிக்கிழமைதோறும் அவர் போனது, பெரில் என்ற விதவையின் வீட்டுக்கு.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் இங்க நடப்பேன், எட்னா!" என்றார், காரை நிறுத்திவிட்டு மதிலோரம் நடக்கத் தொடங்கியதும்.

"அது ஆட்டுப்பட்டிக்குப் போற வழி, நார்மன். வேலி தாண்டுற படி இந்தப் பக்கம்."

"தெரியாதா எனக்கு? உன்னைச் சோதிச்சேன்!" என்றவர், அடுத்த அடியில் முழங்கால்வரை சேற்றில் நின்றார். "போன வாரம் இங்க சேறே இல்லையே!"

"இருந்திருக்காது" என்றாள் எட்னா.

ஒருவழியாக நடை முடிந்து, கார் நிறுத்துமிடத்துக்கே திரும்பி வந்தார்கள். தப்பித்தோம் என்ற தெம்பில், டீ வண்டிக்காரியைப் பார்த்துக் கண்ணடித்தார் நார்மன்.

"வழக்கம்போல ஒரு டீ!"

அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் எட்னாவிடம் திரும்பினாள்.

"வா தங்கம்! ஒரு வருஷமா சனிக்கிழமை தவறாம பஸ் ஏறி வந்து, சூப்பும் கையுமா இந்த பெஞ்சில காத்துக் கிடந்தியே, வீட்டுக்காரர் இந்த வழியா வருவார்னு... இவர்தானா? வந்துட்டாரா?"

"வந்துட்டார்" என்றாள் எட்னா. "டீ எனக்கு மட்டும் போதும். அவருக்கு பெரில் போட்டுக் கொடுப்பா."