ஐப்பசி உடுப்பு

கம்பளி கடிக்கிறது என்று லீசா கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கடிக்கத்தான் செய்யும். இந்த நாட்டு ஐப்பசிக்கு வேறு வழியில்லை.

உள்ளுக்குக் கம்பளி. அதற்கு மேலே இன்னொரு தடித்த உடுப்பு. அதற்கும் மேலே தோள்வார் வைத்த மழைக் காற்சட்டை, மழைச் சட்டை. பிறகு கழுத்துக்கு, தலைக்கு, கைக்கு. நாலு வயதுப் பிள்ளையை வாசலுக்கு வெளியே விடுவதற்குள் தாய்க்கு வியர்த்துக் கொட்டும். எல்லாம் போட்டு முடிந்த பிறகுதான் பிள்ளைக்கு மூத்திரம் வரும்.

வெளியே பெய்கிறதா விட்டதா என்று தெரியாத தூறல். மூன்று கிழமையாக இதே நச்சுத்தான். அடுத்த ஞாயிறு மணிக்கூட்டையும் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்றால், பின்னேரம் என்று ஒன்றே ஒஸ்லோவில் இல்லாமல் போய்விடும்.

சிக்ரிட் சுவரோரக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மனுசி. நான் எதைச் செய்தாலும் சிரித்த முகம். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பயம்.

இன்றைக்கு அழக்கூடாது. படியேறும்போதே என் மனுசன் றொபினுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். நான் அழுதால் லீசா அழுவாள். லீசா அழுதால், அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சிக்ரிட் சொல்லுவாள். இவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததெல்லாம் பாழ்.

"கையைச் சட்டைக்குள்ளை விடம்மா. என்ரை குஞ்செல்லே."

விட்டாள்.

கோயிலில் நேசமணி அக்காவைக் கண்டால் இந்தக் கதைதான். காலையில் பேரப்பிள்ளைகள் இரண்டையும் உடுப்பாட்டி அனுப்புவதற்குள் குனிந்து குனிந்து நாரி முறிகிறதாம். சுற்றி நிற்கிற பெண்கள் எல்லாரும் ஓம் ஓம் என்பார்கள். போன ஞாயிறு நான் கிட்டப் போனதும் அக்கா கதையைக் கோழி விலைக்கு மாற்றிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம்! முறியட்டும், என்னுடைய நாரியும் முறியட்டும் என்று கோயிலே அதிரக் கத்த வேண்டும்போல் இருந்தது.

மழைக் காற்சட்டையின் வாரைப் பூட்டினேன். முறுக்கிக்கொண்டு நிற்கிறதோ என்று கழற்றிப் பார்த்தேன். திரும்பவும் பூட்டினேன்.

நன்றாகச் செய்கிறாய் என்றாள் சிக்ரிட், நோர்வேஜிய மொழியில். நாலு வயதுப் பிள்ளையிடம் சொல்கிற அதே குரலில்.

றொபின் லீசாவின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இவர் சரியான அவசரக்காரர். போன ஐப்பசியில் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, ரெயில் போகப்போகிறது என்று கத்துவார். ஒரு கையுறை காணாமல் போனால் என்னைத் தின்றுவிடுவார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த வருத்தம் வந்தது. கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. திரைச்சீலையை நீக்க முடியவில்லை. பிள்ளை பக்கத்தில் நின்று பசிக்குது என்று அழுவது எங்கேயோ தூரத்தில் கேட்டது. றொபினுக்கு இரவு வேலை. குளிர்காலம் முழுக்க அப்படியே போனது.

வருத்தம் மாறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்களும் சொல்ல வேண்டும்.

கீழே கார் வந்து நின்றது. லீசா ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கையாட்டினாள்.

சிறுவர் நலக் கந்தோர் லீசாவை வளர்க்கக் கொடுத்திருக்கிற வீட்டுக்காரி. மேலே வரமாட்டாள், காருக்குள் இருந்தபடியே காத்திருப்பாள். அவளும் நல்ல மனுசிதான். இந்தக் கம்பளியெல்லாம் அவள் வாங்கியது. பிள்ளை வந்தவுடன் ஒவ்வொன்றாகக் கழற்றி மணந்து பார்த்தேன். வேறு வீட்டுச் சவர்க்காரம் மணத்தது.

மாதத்துக்கு ஒருக்கால் இந்த அறையில், கந்தோர் ஆள் சிக்ரிட் பார்த்திருக்க, எங்களுக்கு இரண்டு மணித்தியாலம். அது முடிந்துவிட்டது. ஆனால் பிள்ளைக்கு உடுப்புப் போட்டு முடியும்வரை சிக்ரிட் எழும்பமாட்டாள். அதை நான் போன மாதமே கண்டுபிடித்துவிட்டேன்.

தொப்பி போட்டாயிற்று. கையுறை போட்டாயிற்று. சப்பாத்தை மாட்டி, மழைக் காற்சட்டையின் அடிவாரையும் அதற்குக் கீழே கொழுவியாயிற்று. இனிப் போட ஒன்றுமில்லை.

சிக்ரிட் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். இனி அழத்தான் போகிறேன். சத்தியமாவது மண்ணாவது.

அப்போது றொபின் வந்து லீசாவுக்கு முன்னால் குந்தினார்.

"இஞ்சரும், சப்பாத்தைக் கால் மாறிப் போட்டிட்டீர். வடிவாப் பாரும்."

பார்த்தேன். இடது இடதில் இருந்தது. வலது வலதில் இருந்தது.

"ஓமப்பா," என்றேன். "மாறித்தான் கிடக்கு."

சிக்ரிட் திரும்பக் கதிரையில் இருந்தாள். றொபின் அடிவாரை மெல்ல மெல்லக் கழற்றத் தொடங்கினார்.

லீசா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இடது எது வலது எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலையும் நீட்டினாள்.