கன்னத்துப் பொட்டு

ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் இரண்டே பாய்கள். ஒன்றில் பூங்கோதையின் மகள் இனியா. மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து கைகால் அசைவதில்லை. மற்றதில் வானதியின் மகன். அவனுக்கும் தலையில்தான் அடி, ஆனால் இப்போது பந்தைப் பிடிக்கிறான். பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வானதி அவன் கன்னத்தில் பெரிதாகத் திருஷ்டிப் பொட்டு வைத்துத்தான் தூக்கிவந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. அந்தப் பொட்டு தன் கண்ணுக்காகத்தான் என்று பூங்கோதைக்குத் தெரியும். கோபம் வரவில்லை. அவள் கண்ணும் அவன்மேல்தான் இருந்தது. அவன் பந்து பிடிப்பதைவிட அந்தப் பொட்டின்மேல்தான் அவளுக்குப் பொறாமை.

அவன் நடந்தே வீட்டுக்குப் போன அன்று வானதி மை டப்பாவை நீட்டினாள்.

“பாப்பாவுக்கும் வச்சு விடுங்கக்கா.”

“கண்ணு வைக்க இவகிட்ட என்ன இருக்கு?”

ஆனாலும் வாங்கிப் பையின் அடியில் போட்டுக்கொண்டாள்.

மறுவாரம் காலியான பாயில் வேறொரு குழந்தையைக் கிடத்தினார்கள். அதன் கண்கள் மூடியே இருந்தன. அதன் தாய் வெகுநேரம் இனியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க பொண்ணு கண்ணத் தொறந்து பாக்குதே” என்றாள்.

அந்தக் குரலிலிருந்த ஏக்கத்தைப் பூங்கோதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். பைக்குள் கையை விட்டு டப்பாவைத் தேடினாள்.