கோதண்டராமன் சாரின் பல் கூச்சம்

இன்று சாயங்காலம் ஆம்பூர் ஸ்டேஷனில் ஒரு பெரிய மனிதர் துள்ளிக் குதிக்கப் போகிறார். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் ரயில் வர இன்னும் நேரமிருக்கிறது. அதற்குள் அவருடைய பல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

துள்ளப் போகிறவர் தோல் கம்பெனி குமாஸ்தா கோதண்டராமன். துள்ள வைக்கப் போகிறவன் அதே கம்பெனியில் தோல் ஊறவைக்கிற ரத்தினசாமி. எவர் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிவிடுவான். மேஸ்திரி குரலில் அவன் ஓர் அதட்டல் போட்டால், தூங்குகிற மேஸ்திரியே எழுந்து வேலைக்குப் போவார்.

இன்றைக்கு அவன் தொண்டையில் ஏற்றி வைத்திருந்தது வேலூர்ப் பல் டாக்டர் துரையின் குரல்.

அந்த வெள்ளைக்கார டாக்டரிடம் குமாஸ்தாவை அழைத்துப் போனதே ரத்தினசாமிதான். இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. தையல் மிஷினைப் போலக் காலால் மிதித்துத் துரை பல்லைக் குடைந்தபோது, கோதண்டராமன் இறுக்கிப் பிடித்துக்கொண்டது ரத்தினசாமியின் கையைத்தான். குடைந்த குழியை வெள்ளிபோல் ஒன்றை வைத்து அடைத்து அனுப்பினார் துரை.

"கூச்சம் இர்க்கும். சில வாரம் இர்க்கும், பிறகு போகும்." வீட்டுக்கு வந்து பெண்டாட்டி எல்லம்மாவிடம் துரை மாதிரியே சொல்லிக் காட்டினான் ரத்தினசாமி. "சூடு வேண்டாம். ஷில்லுன்னு வேண்டாம். புளிப்பு வேண்டாம். செங்கல் தூள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். கடிக்கும்போது அந்தப் பல் முந்திக்கொண்டு இடித்தால் என்னிடம் வரணும், அரம் போட்டுக் கொஞ்சம் ராவணும்."

எல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாதங்கள் ஓடின. குமாஸ்தாவின் கூச்சம் மட்டும் போகவில்லை.

வேலை முடிந்து தினமும் ரயில் பிடிக்க அவர் ஸ்டேஷனுக்குப் போவது ரத்தினசாமியின் தெரு வழியாகத்தான். "உள்ள வாங்க சார், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போலாம்" என்றால், "வேணாம்ப்பா, பல் கூசறது" என்பார். காப்பிக்கும் கூசியது. வாழைப்பழத்துக்கும் கூசியது.

"இன்னாய்யா இது, வாழப்பழத்துக்குமா கூசும்?" என்றாள் எல்லம்மா.

"அடைச்ச பல்லுடி. உனக்கு இன்னா தெரியும்."

"நம்ம வூட்டு வாசலாண்ட வந்தாதான் கூசுது. அது இன்னா பல்லோ."

"நம்ம கெணத்துத் தண்ணி ஜில்லுனு இருக்குதில்ல, அதான்."

மறுநாளிலிருந்து தண்ணீரை வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். அதற்கும் கூசியது.

பஜாருக்குப் போய் ஹக்கீம் முக்தார் அகமதிடம் லவங்கத் தைலம் வாங்கி வந்தான். ஹக்கீம் சொன்னதை ஹக்கீம் குரலிலேயே குமாஸ்தாவுக்கு ஒப்பித்தான்.

"அரே பேட்டா, பஞ்சுல ஒரே சொட்டு, ஜாஸ்தி கூடாது. உப்புத் தண்ணில கொப்புளிக்கணும். கொஞ்ச நாள் அடுத்த பக்கமா மெல்லணும். பேஜார் போயிடும்."

கோதண்டராமன் சிரித்தார். சீசாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இத்தனை அலைச்சலுக்கும் காரணம் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ரத்தினசாமியின் மகனுக்குப் பேர் வைக்கிற விருந்து. "கோதண்டராமன் சார் எங்க வூட்டு எலையில ஒக்காந்து சாப்புடுவாரு" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டான்.

"அவரு வருவாருடா, பல்லு வருமா?" என்று கேட்டுத் தெருவே சிரித்தது. தலைப்பிள்ளை விருந்தில் அந்த ஓர் இலை காலியாகக் கிடந்தால், அப்புறம் அந்தத் தெருவில் அவன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

சரி, சிக்னல் விழுந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போவோம்.

ரத்தினசாமி பிளாட்பாரத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். பின்பக்கமாகப் போய்த் துரை குரலில், "கோதண்டராமன், வாய் திற" என்று ஓர் அதட்டல் போட வேண்டும். மனிதர் குதிப்பார். சிரிப்போடு சிரிப்பாக விருந்துக்கும் கூப்பிட்டுவிடலாம்.

தொண்டையைச் செருமிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

கோதண்டராமன் சோடாக் கடையில் நின்றிருந்தார். கையில் ஐஸ் போட்ட எலுமிச்சம்பழ சர்பத். மடக் மடக்கென்று குடித்தார். அடியில் மிஞ்சிய ஐஸ் துண்டை வாயில் சாய்த்து, இடது கடைவாயில் ஒதுக்கி, கடக் கடக்கென்று கடித்தார். பிறகு இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கினார்.

ரத்தினசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குளிர்ச்சியும் புளிப்பும் ஒரே கிளாஸில், அதுவும் அடைத்த பல்லிலேயே. தைலம் வேலை செய்துவிட்டது. துரையின் குரலை மறந்து, தூணை விட்டு ஓடினான்.

"சார், கூச்சம் போய்டுச்சா? அப்போ ஞாயித்துக்கெழம நம்ம வூட்ல..."

கோதண்டராமன் துள்ளிக் குதித்தார். சர்பத் சட்டையெல்லாம் கொட்டியது. திரும்பிப் பார்த்தவர் சட்டென்று முகத்தைச் சுளித்து, வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

"எங்கப்பா போச்சு? பிராணன் போறது. இந்தப் பல்லை வச்சுண்டு உங்காத்துல நான் எப்படிச் சாப்பிட..."

ரத்தினசாமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். துரை குரல், ஹக்கீம் குரல், மேஸ்திரி குரல் எல்லாம் தொண்டையிலிருந்து இறங்கிப் போயிருந்தன. மிஞ்சியிருந்த சொந்தக் குரலில் மெதுவாகச் சொன்னான்.

"சார், அடைச்ச பல்லு அந்தப் பக்கம்."