எடுக்காத ஃபோன்

வருமான வரிக் கணக்குக் கொடுக்கும் கெடு முடிந்து, அபராத நோட்டீஸும் வந்துவிட்டது. ஆடிட்டர் மட்டும் ஃபோனை எடுக்கவே இல்லை. நேரிலேயே போய்ப் பிடித்துவிட்டேன்.

"இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறீங்களே, இதெல்லாம் ஒரு தொழிலா சார்?"

அவர் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். மேலே குழாய் விரிசல் விட்டுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கொடியில் என் ஃபைல் தாள்தாளாகக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே, நனைந்து செத்துப்போன அவருடைய ஃபோன்.

"இவ்வளவு மோசமாகற வரைக்கும் விடலாமா சார்?"

"எங்க விட்டேன்? சொட்ட ஆரம்பிச்ச அன்னிக்கே கூப்பிட்டேன். நாளைக்கு வர்றேன்னீங்க. அப்புறம் நீங்கதான் ஃபோனையே எடுக்கல."

தோளில் தொங்கிய ஸ்பேனர் பையை மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"கொஞ்சம் வேலை ஜாஸ்தி சார். நாளைக்குக் கண்டிப்பா வந்துடறேன்."