பன்னிரண்டு தடவை விழுந்த கணினி

சுலோஜனா வேண்டுமென்றுதான் கணினியைக் கெடுக்கிறாள் என்பது அதைத் திருத்த வந்த திவாகரனுக்குப் பத்து நிமிடத்திலேயே பிடிபட்டுவிட்டது.

கல்லடியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இலவச மருந்தகம் அது. கவுண்டரில் அவள் ஒருத்திதான். கணினியில் அரதப்பழசான ஒப்பரேட்டிங் சிஸ்டம். கொழும்பிலுள்ள சேர்வரோடு பேசுகிற மருந்துப் புரோகிராம் அதில் அடிக்கடி விழுந்துவிடும். விழுந்தால் எழும்ப ஒரு மணித்தியாலம் செல்லும். இந்த மாதம் மட்டும் பன்னிரண்டு தடவை.

"பிழை கணினியிலயா, அந்தப் பிள்ளையிலயா எண்டு பார். பிள்ளையில எண்டா வேற ஆளைப் போடுவம்" என்று சொல்லித்தான் மனேஜர் புளியந்தீவு அலுவலகத்திலிருந்து அவனை அனுப்பியிருந்தார்.

பதிவுகளைத் திறந்தால் பன்னிரண்டு தடவையும் ஒரே கதை. புரோகிராம் சேர்வரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே நெட்வேர்க் வயர் கழன்றிருக்கிறது. பழைய சிஸ்டம் அதைத் தாங்காமல் விழுந்திருக்கிறது. சுலோஜனா லீவில் நின்ற கிழமையில் மட்டும் வயர் ஒருமுறைகூடக் கழலவில்லை.

"அக்கா, இது தானா விழல்ல. வயரை ஆரோ கழட்டுறாங்க."

"பழைய கணினி தம்பி. வயசு போயிட்டுத்தானே." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்கட லீவு நாளில மட்டும் அதுக்கு இளமை திரும்புதாக்கும்."

சுலோஜனா மேசையிலிருந்த பதிவுக் கொப்பியை நேராக்கி வைத்தாள்.

திவாகரனுக்கு எரிச்சலாக வந்தது. வாங்கில் உட்கார்ந்து இருபது பேர் காத்திருக்க, கணினியைப் படுக்க வைத்துவிட்டுக் கொப்பியில் ஆறுதலாக எழுதிக்கொண்டிருப்பதற்கு எவ்வளவு சோம்பல் வேண்டும்?

அரை மணித்தியாலம் மினக்கெட்டு ஒரு திருத்தம் போட்டான்.

"முடிஞ்சு. இனி வயர் கழண்டாலும் விழாது. வேணுமெண்டா கழட்டிப் பாருங்க" என்றான் குத்தலாக.

அவள் முகம் வாடிப்போனது.

வாங்கிலிருந்து முதல் ஆள் எழும்பி வந்தார். செட்டிபாளையத்து மீன்காரர் கதிர்காமத்தம்பி.

"மனிசிக்கு வலிப்புக் குளிசை, தங்கச்சி. முந்தநாளோட முடிஞ்சு. நேத்து ரெண்டு தரம் இழுத்திட்டு."

"அவட அடையாள அட்டை வந்திட்டா அண்ணன்?"

"இன்னும் இல்ல. வெள்ளத்தில போன அட்டைக்கு எழுதிக் குடுத்து நாலு மாசம். பிறகு வா, பிறகு வா எண்டுறாங்க."

சுலோஜனா பெயரை அடித்தாள். அட்டையைக் கருவியில் காட்டச் சொன்னது திரை. காட்ட அட்டை ஏது? அடுத்த பக்கம் திறக்கவில்லை. அவள் கை தன்பாட்டில் வயர்ப் பக்கம் போய்ப் பாதியில் நின்றது.

திவாகரன் நிமிர்ந்தான். கவுண்டர்க் கண்ணாடியில் தலைமையகத்தின் அறிவித்தல் ஒட்டியிருந்தது.

'அட்டை இல்லாதவர்களுக்கு மருந்து வழங்கப்படமாட்டாது. கணினி இயங்காத வேளையில் மட்டும் பெயரைக் கொப்பியில் பதிந்து வழங்கலாம்.'

பன்னிரண்டு தடவையும் ஏன் விழுந்தது என்று அவனுக்கு இப்போது விளங்கியது. இவளையா சோம்பேறி என்று நினைத்தோம் என்று வெட்கமாகப் போய்விட்டது.

"அக்கா, ஒருக்கா எழும்புங்க."

அரை மணித்தியாலம் மினக்கெட்டுப் போட்ட திருத்தத்தை அரை நிமிடத்தில் அழித்தான்.

"இப்ப கழட்டுங்க."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு வயரைக் கழற்றினாள். திரை அப்படியே செத்துப்போனது.

"கணினி வேலை செய்யல்ல அண்ணன். மனிசிர பேரைச் சொல்லுங்க, எழுதிறன்" என்று கொப்பியை விரித்தாள்.

"கண்ணகை" என்றார் கதிர்காமத்தம்பி.

அந்த நேரம் பார்த்து மனேஜரின் அழைப்பு வந்தது.

"என்ன, பிழை ஆரில?"

"கணினியிலதான் சேர். சிஸ்டம் சரியான பழசு."

"அப்ப புதுசு ஒண்டு அனுப்பவா?"

"வேணாம் சேர், வேணாம். இதையே வச்சுச் சமாளிப்பம்."

போனை வைத்ததும் சுலோஜனா மெல்லக் கேட்டாள். "சும்மா தாறதை ஏன் தம்பி வேணாமெண்டீங்க?"

"புதுசு விழாது அக்கா."