வரிசையில் நாலாவது

வனத்துறையும் மீன்வளத்துறையும் ஒன்றாகி உயிரினத் துறை ஆன பிறகு, அந்தக் கரைக்கு மிஞ்சியது ஒரே ஒரு மீட்புப் படகு. எந்த இனம் உலகில் குறைவாக இருக்கிறதோ, அதைக் காப்பாற்றத்தான் அது முதலில் போகும்.

காலை ஏழு மணிக்குப் பெனிட்டா அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். நண்டுத்தீவுக்குக் கிழக்கே வள்ளத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று போனில் சொன்ன அவள் கணவன் சவரி, அப்புறம் போனை எடுக்கவில்லை. காற்று பலமாக இருந்ததால் ஊர் வள்ளங்கள் எதையும் இறக்க முடியவில்லை.

அலுவலர் குமரகுரு கணினித் திரையைப் பார்த்தார். "வரிசையில உங்க வீட்டுக்காரர் நாலாவதும்மா. முன்னாடி ரெண்டு ஆமை, ஒரு கடற்பசு."

"ஆமைக்கு நீச்சல் தெரியும் சார்!"

"எனக்குத் தெரியாதாம்மா? வரிசைய மாத்த எனக்கு அதிகாரமில்ல. மனுஷங்கதான் இன்னும் கோடிக்கணக்குல இருக்கீங்களே."

பதினோரு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்து வெளியே போனாள். குமரகுருவின் மேஜையில் போன் அடித்தது.

"சார், நண்டுத்தீவுக்குக் கிழக்க ஒரு கடற்பசு வலையில மாட்டித் துடிக்குது. குட்டியும் கூட இருக்கு."

குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் பதிந்தார். படகு உடனே அந்தப் பக்கம் திரும்பியது.

ஒரு மணிக்குச் சவரியைக் கரையில் கிடத்தினார்கள்.

"உடம்பு இன்னும் விறைக்கக்கூட இல்லக்கா," என்றான் படகோட்டி. "இப்பத்தான் போயிருக்காரு."

பெனிட்டா யாரையும் ஏசவில்லை. தன் வாயிலேயே மாறி மாறி அறைந்துகொண்டாள்.

"காலையிலயே பொய் சொல்லாமப் போயிட்டேனே, பாவி!"