தடுப்பு முகாம்

பால்பல் பாதுகாப்பு முகாம் அங்கன்வாடி வாசலில் பந்தல் போட்டு நடந்தது. மேடையில் பூசணிக்காய் அளவில் ஒரு பிளாஸ்டிக் வாய். பல் டாக்டர் அதன் பற்களைத் துடைப்பம் போன்ற பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டினார். முகாமை நடத்திய சங்கத்தின் தலைவர் அருமைநாயகம் தாமும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கைதட்டலுக்காக நின்றார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்று மிஞ்சியது, அதை வாய்க்குப் போர்த்தினார்கள்.

சுகந்தி மூன்று வயது மகள் தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு மேடையோரம் வந்தாள். குழந்தையின் கன்னம் வீங்கியிருந்தது.

“டாக்டர் சார், சொத்தைப் பல்லு. வலி தாங்காம அழுவுது. ஒரு தடவ பாத்துடுங்க.”

டாக்டர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

“இது தடுப்பு முகாம்மா. உன் புள்ளைக்குத்தான் வந்துடுச்சே! வந்ததையெல்லாம் பாத்துக்கிட்டிருந்தா அப்புறம் தடுக்குறது எப்ப? சரி, போட்டோ முடியட்டும், பாக்கச் சொல்றேன். அதுவரைக்கும் புள்ள வாயத் தொறக்காம பாத்துக்கோ. பேப்பர்ல வர்றது.”

படத்துக்காக நிறுத்தப்பட்ட மற்றக் குழந்தைகள் ஈ என்று இளித்தன. சுகந்தி மகளின் காதில் கெஞ்சினாள்.

“வாய இறுக்கி மூடிக்கோடி தங்கம். மூடுனாத்தான் வலி போவும்.”

குழந்தை மூடிக்கொண்டது. அழுகை மூக்கு வழியாக வந்தது.

படம் எடுத்ததும் தலைவருக்கு அடுத்த முகாமுக்கு நேரமாகிவிட்டது. டாக்டரும் அவர் காரில்தான் வந்திருந்தார்.

புழுதி அடங்கியபின் சுகந்தி, “தொறந்துக்கடி, போயிட்டாங்க” என்றாள்.

தன்ஷிகா திறக்கவில்லை. வலி இன்னும் போகவில்லை. மூடியது போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் இறுக்கிக்கொண்டாள்.